ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்ன அக்கா

நெய்வேலியில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஆறு வீடுகள். ஆறும் ஒரே அச்சு. வாசற்படி, கூடம், கூடத்தை ஒட்டி ஓர் அறை, பின்னால் சமையலறை, குளியலறைக் கதவு திறக்கும் பக்கம் வரைக்கும் எல்லாம் ஒன்றேதான். அதனால் நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, ஃப்ரிட்ஜை ஒரே இடத்தில் வைத்திருந்தோம். கூடத்தில், பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே. பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்தது. அது தப்பு என்று எங்களுக்கு எடுத்துச் சொன்னவர் ஆறாவது வீட்டுக்காரரான கடைசி வீட்டு அக்கா.

"இம்மாம் நல்ல வெளிச்சத்த ஃப்ரிட்ஜுக்குக் குடுத்துட்டு நீ இருட்டுல ஒக்காந்துகினு இருக்கியே. தக்காளியா ஒக்காந்து படிக்கப் போவுது?"

இதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் அப்போது கல்யாணமாகி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உறைமோர் வாங்க வந்தவர், மோரை மறந்துவிட்டு ஃப்ரிட்ஜை முறைத்துக்கொண்டு நின்றார். நானும் படிப்பேன் என்று அவருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தை நான் பிரித்து நீவிவிட்டுப் படித்ததை வாசலிலிருந்தே பார்த்தாராம். அன்று சாயங்காலமே ஃப்ரிட்ஜ், ஒரு நீள எக்ஸ்டென்ஷன் ஒயரோடு, சமையலறை வாசலுக்குப் போய்விட்டது.

எந்த வீட்டுக்குப் போனாலும் அக்கா காட்டிய இடத்தில் உட்கார மாட்டார். முதலில் ஒரு சுற்று சுற்றுவார். பிறகு தரையில் ஓர் இடம், கதவோரம் ஓர் இடம், பீரோவுக்குப் பக்கத்தில் ஓர் இடம் என்று மாறி மாறி உட்கார்ந்து பார்ப்பார். கையில் புத்தகம் இருப்பதுபோல இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொள்வார். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ ஜபம் செய்கிறார் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேட்டால், முதுகுக்குச் செவுரு, எடது பக்கம் வெளிச்சம், கால் நீட்ட எடம், இவ்வளவுதான் மனுசிக்கு வேணும் என்பார். இவ்வளவையும் பிளாக்கில் ஒருத்தியும் வைத்துக்கொள்ளவில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை.

இதற்கெல்லாம் ஆரம்பம் புயல். நான் வருவதற்கு முன்னால், டிசம்பர் கடைசியில் ஒரு புயல் அடித்து, டவுன்ஷிப்பில் பாதி மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. வீட்டுக்கு வீடு மாமரமும் பலாவும் விழுந்து கிடந்தன. எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றபோது, அக்கா மட்டும் வீடு வீடாகப் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மரம் மறைத்திருந்த பக்கவாட்டு ஜன்னல் வழியாக, அந்த வீடுகள் கட்டிய நாளாக வராத வெயில் கூடத்தில் வந்து விழுந்திருந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாத வீட்டில் போய், "மரம் போனது போச்சு, வெளிச்சத்தப் பாரு" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த மாதத்துக்குள் அதே வீட்டில் ஃப்ரிட்ஜ் நகர்ந்தது என்பது வேறு விஷயம்.

குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்தால் காலி செய்யும்போது கணக்குக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் பயம். அக்கா ஆணியே இல்லாமல் வேலையை முடிப்பார். ஜன்னல் கம்பியிலிருந்து அறைக்கதவின் கீல் வரைக்கும் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் திரைச்சீலை. மந்தாரக்குப்பத்தில் பழைய சாமான் விற்கும் கடையில் ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி. ஒரு கால் குட்டையாக இருக்கும். அதற்குச் சீவிய கட்டை. பழைய மெத்தையைப் பிரித்து முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று இரண்டு தலையணை. கால் வைக்க, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பா, மேலே ஒரு சாக்கு. திரைக்குத் துணி எடுக்க அவரே மந்தாரக்குப்பம் போனார். கடையில் விற்காமல் கிடந்த ஒரு முழு பீஸைப் பேரம் பேசித் தூக்கிவந்துவிட்டார். பச்சையில் வெள்ளைப் புள்ளி. ஐந்து வீட்டிலும் அதே பச்சை, அதே புள்ளி.

இவ்வளவு செய்கிறாரே, இந்த அக்காவுக்கு என்ன லாபம் என்று எனக்குக் கொஞ்ச நாள் புரியவில்லை. புதன்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவார். "வெளிச்சம் எப்டி வுழுதுன்னு பாத்துட்டுப் போறேன்" என்று திரைக்கு உள்ளே போவார். அரை மணி, சில நாள் முக்கால் மணி, சத்தமே இருக்காது. வெளிச்சத்தைப் பார்க்க இவ்வளவு நேரமா என்று ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். காலை நீட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க, லைப்ரரி புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு விசாரித்தால், திங்கள் முதல் வீடு, செவ்வாய் இரண்டாவது வீடு, இப்படியே வெள்ளி வரைக்கும் ஐந்து வீட்டிலும் வெளிச்சம் பார்க்கிறாராம். வீட்டுக்கு ஒரு புத்தகம். என் வீட்டில் துப்பறியும் கதை. பக்கத்து வீட்டில் ராஜா கதை. புத்தகத்தை எடுத்துப் போகவும் மாட்டார். அது அந்த வீட்டிலேயே, தலையணைக்கு அடியில், பஸ் டிக்கெட் செருகி இருக்கும்.

எனக்கு வந்ததே கோபம். எனக்காக என்று சொல்லி என் ஃப்ரிட்ஜை நகர்த்தி, தனக்கு ஒரு ரீடிங் ரூம் கட்டிக்கொண்டிருக்கிறார். பழிவாங்க நானும் அந்தத் துப்பறியும் கதையை எடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, புதன்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும், கொலை செய்தது கணக்குப்பிள்ளை என்று சமையலறையிலிருந்து சொன்னேன். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், இரண்டு புதன் வரவில்லை. மூன்றாவது புதனுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். வரும்போதே வேறு புத்தகம் கொண்டுவந்தார். ஆனால் பாருங்கள், அந்தப் பழிவாங்கலில்தான் நான் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்திருந்தேன். அது அவருக்கும் தெரியும். அதைச் சொல்லிக்காட்டாத அளவுக்கு நல்லவர்.

அவர் ஏன் தன் வீட்டில் படிக்கவில்லை என்பதை அன்று கூப்பிடப் போனபோதுதான் கண்ணால் பார்த்தேன். அவர் வீட்டிலும் அதே கூடம், அதே ஜன்னல். அதன் கீழே ஃப்ரிட்ஜ் இல்லை. ஒரு கட்டில் கிடந்தது. கட்டிலில் அவருடைய மாமனார். ஊர்ப்பக்கம் கூலி வேலை பார்த்து, சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது வந்து சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, ரிட்டயர் ஆனவர். பிறகு மகனுக்கும் அங்கேயே வேலை கிடைத்ததால் டவுன்ஷிப்பை விடவில்லை. நாங்கள் தாத்தா என்போம். மூச்சிரைப்பு, முழங்கால் வலி. கடைசி வீடு என்பதால் அந்த ஜன்னலுக்கு வெளியே மெயின் ரோடு. ஷிப்ட் பஸ் ஒவ்வொன்றையும் பார்த்து, ஐந்து நிமிடம் லேட் என்றால் தாத்தாவுக்குப் பொறுக்காது. ரிட்டயர் ஆன மனிதர் பஸ்ஸுக்குக் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? ஆனால் கோபப்படுவார், அதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். "ஏம்மா" என்று ஒரு குரல். வரவில்லை என்றால் டம்ளரால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கண் அசரும் அந்த அரை மணிதான் அக்காவுக்குச் சொந்தம். அந்த வீட்டிலிருந்த ஒரே நல்ல இடத்தில் படுத்திருந்த மனிதரை எழுப்பாமல் இருக்கத்தான் அவர் ஐந்து வீடு சுற்றினார்.

எனக்கு அன்று அவர்மேல் பாசம் வந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் புதன்கிழமைகளில் டீ போட்டுத் திரைக்கு உள்ளே நீட்ட ஆரம்பித்தேன்.

அந்தத் திரையால் ஒரு கூத்தும் நடந்தது. அக்காவின் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். வாயில்லாப் பூச்சி. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கத்தில் நடப்பவரைப்போலத்தான் வருவார். ஒரு நாள் காலையில், என் வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு, நான் பின்பக்கம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால், பச்சைத் திரைக்குக் கீழே இரண்டு கால். பெயின்ட் டப்பாமேல் நீட்டிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர்தான் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒழுகுகிற குழாய்க்குக் கம்ப்ளெயின்ட் எழுதிப் போடாதது, என் அம்மா வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போகாதது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். உள்ளேயிருந்து "சரி, சரி" என்று மட்டும் வந்தது. இவ்வளவு சாதுவாக என் வீட்டுக்காரர் ஒருநாளும் சரி சொன்னதில்லையே என்று சந்தேகம் தட்டித் திரையை விலக்கினால், அண்ணன். பாதித் தூக்கத்தில், யார் திட்டுகிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். தன் வீட்டில் அப்படி ஒரு திரையே கிடையாது என்பதும் அவருக்கு உறைக்கவில்லை. வரிசையில் எல்லா வீட்டிலும் பார்த்துப் பார்த்து, தன் வீட்டிலும் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

ஆளைக் காணோமே என்று தேடிவந்த அக்கா, வாசலில் நின்று பார்த்தார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வூட்டுலதான் எடமில்லன்னு இங்க வந்தா, இங்கயும் வந்து ஒக்காந்துகினியா?"

அண்ணன் எழுந்து, தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, அக்காவின் பின்னால் போனார். போகும்போது குழாய் கம்ப்ளெயின்ட்டை எழுதிக் கொடுத்துவிடுவதாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி கொடுத்தும்விட்டார்.

இதையெல்லாம் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னுடைய யோசனைதான் அது. வேறு யார் தலையிலும் போட மாட்டேன். தாத்தாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அக்கா கூடவே இருந்தார். நாலாவது நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும், அண்ணனிடம் சாவி வாங்கி, நாங்கள் ஐந்து வீட்டுப் பெண்களும் உள்ளே புகுந்தோம். ஜன்னலடியில் இருந்த கட்டிலைத் தூக்கி அறைக்குள் போட்டோம். தாத்தாவின் துண்டு, டம்ளர், ரேடியோ எல்லாம் அறைக்குப் போயின. அந்த இடத்தைக் கழுவித் துடைத்தோம். மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரு நாற்காலி. நாலு காலும் சமமாக இருப்பதாகத் தேடி எடுத்தோம். அவர் வெட்டியது போக மிச்சமிருந்த பச்சைத் துணியில் திரை. தலையணை மூன்று. ஒரு சின்ன பிரம்புத் தட்டில் ஐந்து வீட்டுப் புத்தகங்களையும் கொண்டுவந்து அடுக்கினோம். முதுகுக்குச் சுவர், இடது பக்கம் வெளிச்சம், கால் நீட்ட இடம். ஊருக்கெல்லாம் செய்துகொடுத்தவருக்கு ஊரே செய்கிறது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

ஆட்டோ வந்தது. தாத்தாவை அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அக்கா பின்னால், கையில் ஃபிளாஸ்கும் மருந்துப் பையுமாக. திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பையைக் கீழே வைக்காமலே போய் நாற்காலியின் கையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

தாத்தா கூடத்தின் நடுவில் நின்றுவிட்டார். ஜன்னலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"என் கட்டில எடுத்துட்டீங்களா?"

அக்கா நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

"இது ஒங்களுக்குத்தான் மாமா. மூச்சு வாங்குறப்ப படுக்கறத வுட ஒக்காந்தா நல்லதுன்னாங்க இல்ல? ஒக்காந்து பாருங்க."

தாத்தா உட்கார்ந்தார். சாய்ந்தார். கால் நீட்டினார். தலையணையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் பஸ்ஸின் கூரை மட்டும்தான் தெரியுமாம். இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலையும் தெரிகிறதாம். எனக்கு அக்காவை ஒரு கிள்ளு கிள்ளலாம்போல ஆத்திரம். மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள், உங்களுக்கென்று ஓர் இடம் கிடைத்ததை ஒரு நிமிடத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்று கேட்டேன். அவர் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்த மனுசன். கட்டில எடுத்து, எடத்தக் கழுவி வுட்டு வச்சிருக்கீங்க. நாம திரும்பி வர மாட்டோம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சிக்க மாட்டாரா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஐந்து பெண்கள், ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லை. நாற்காலியின் கால் சமமாக இருக்கிறதா என்று மட்டும் மூன்று தரம் பார்த்திருக்கிறோம்.

தாத்தா அத்தோடு விடவில்லை. படிக்கிற நாற்காலி என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படியானால் புத்தகம் எங்கே என்று கேட்டுவிட்டார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. தாத்தா சும்மா கேட்கிற ரகம் இல்லை. கதையில் ஓர் ஆள் புதிதாக வந்தால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். "இவன் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" காதல் கதையில் கதாநாயகனுக்கு நிலையான வேலை இல்லை என்று தெரிந்ததும், அந்தப் பெண் அவசரப்படக் கூடாது என்று அக்காவிடமே புத்தி சொன்னார். ராஜா கதையில் ராஜாவைப் பற்றியும் அதே கேள்வி. அக்கா யோசித்து, ராஜா பர்மனென்ட், தளபதி கான்ட்ராக்ட் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தளபதி கடைசியில் ராஜாவுக்குத் துரோகம் செய்தபோது தாத்தா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. பர்மனென்ட் பண்ணியிருந்தால் ஏன் போகப் போகிறான் என்று தளபதி பக்கமே பேசினார்.

நாங்களும் வேலையை முடித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்போம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். சிரித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம். அக்கா அங்கேயே இருப்பார். என் வீட்டுப் புதன்கிழமைகள் நின்றுபோயின. தொண்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் மிளகு கேட்டு வந்தவர், என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் நகர்கிறதாம். வாயை மூடிக்கொண்டு, யாரும் கூப்பிடாமல், ஒரே ஒரு பக்கம் முழுசாகப் படிக்க வேண்டும்போல இருக்கிறது என்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். டம்ளர் சத்தம் கேட்டது. மிளகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஓர் ஐப்பசி மழையில் தாத்தா இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பி, வீடு காலியானது. இந்த முறை நாங்கள் யாரும் நாற்காலியைத் தொடவில்லை. ஒரு மாதம் அது அப்படியே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் போனேன். அண்ணன் டூட்டியில். அக்கா ஜன்னலடியில், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். வீடு அமைதியாக இருந்தது. அவர் இத்தனை வருடம் வீடு வீடாகச் சுற்றித் தேடியதெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓசைப்படாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவரே தலை தூக்கினார்.

"எட்டு நாளா இதே பக்கம்தான். கண்ணு ஓடுது, ஒண்ணும் உள்ள போவ மாட்டேங்குது. எப்பக் கூப்புடுவாரோன்னு காது அங்கயே நிக்குது. கூப்ட்டுத் தொலைச்சாலாச்சும் படிச்சிடுவேன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு முன்னால் அழக் கூடாது என்று, டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, சர்க்கரை டப்பா கண்ணுக்கு எதிரேயே இருக்க, குரல் கொடுத்தேன்.

"அக்கா, சக்கரை எங்க?"

"அடுப்புக்கு மேல" என்றார்.

இரண்டு நிமிடம் விட்டு, டீத்தூள் எங்கே என்று கேட்டேன். அதுக்குப் பக்கத்துலயே என்றார். வடிகட்டியைக் கேட்டேன். கழுவி ஜன்னல் கம்பியில் மாட்டியிருக்கிறது என்றார். பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்துவிட்டு, ஃப்ரிட்ஜில் பால் இருக்கிறதா என்று கேட்டேன். குரலில் எரிச்சல் வந்துவிட்டது.

"கொஞ்சம் இரு, இந்தப் பக்கத்த முடிச்சிக்கிறேன்."

டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, மேடைமேலேயே வைத்தேன். எடுத்துக்கொண்டு போகவில்லை. நன்றாக ஆறட்டும் என்று விட்டுவிட்டு, ஏலக்காய் எங்கே இருக்கிறது என்று இன்னொரு தரம் உரக்கக் கேட்டேன். பதில் இல்லை. கூடத்தில் ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை.